கொழும்பிலிருந்து கிரிகல்பொத்தவுக்கு: முதல் தடவை போகிறவர்களுக்கு

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்வந்தேன் என்று கொழும்பில் யாராவது சொன்னால், உலக முடிவு என்ற செங்குத்தான மலை விளிம்பைப் பார்த்துவிட்டு பேக்கர் நீர்வீழ்ச்சி வழியாகத் திரும்பியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். அது நல்ல நடைதான். சுமார் 9 கிலோமீட்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பாட்டிமாரும்கூட நடக்கிறார்கள். ஆனால் அந்த நடை தொடங்குகிற அதே இடத்தில், பூங்காவின் பார்வையாளர் நிலையமான ஃபார் இன் கட்டடத்தடியில் இருந்து மேற்குப் பக்கமாக இன்னொரு பாதை புல்வெளிக்குள் போகிறது, அதில் பெரும்பாலான நாட்களில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதுதான் கிரிகல்பொத்தவுக்குப் போகும் பாதை.

கிரிகல்பொத்த 2,388 மீட்டர், இலங்கையின் இரண்டாவது உயர்ந்த மலை. முதலாவதான பீதுருதாலகால 2,524 மீட்டர், ஆனால் அதன் உச்சியில் ராடார் நிலையமும் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் இருப்பதால் அங்கே நடந்து ஏற விடமாட்டார்கள். ஆகவே சாதாரண ஆள் ஒருவர் இந்த நாட்டில் தன் காலால் நடந்து போய் நிற்கக்கூடிய மிக உயரமான இடம் கிரிகல்பொத்ததான். இதைத் தெரிந்துகொண்ட நாளில் இருந்து எனக்கு அங்கே போகவேண்டும் என்றிருந்தது.

இலக்கங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஃபார் இன்னே 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அங்கிருந்து உச்சிக்கு உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 250 மீட்டர், நம்முடைய தாமரைக் கோபுரத்தின் உயரம்கூட இல்லை. ஆனால் போக 7 கிலோமீட்டர், வர 7 கிலோமீட்டர், அதற்கிடையில் ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் போகவேண்டும், கால் வைக்கும் இடமெல்லாம் சேறு, வேர், பாறை, மூங்கில் புதர். போய்வர 7 மணித்தியாலம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 5 மணித்தியாலத்தில் முடித்தேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், முதல் தடவை போகும்போது அவர்களுடைய கணக்கு உங்களுக்கு வேண்டாம்.

நான் இரண்டு தடவை போனேன், முதல் தடவை உச்சிக்குப் போகவில்லை. நானும் மச்சானும் இன்னும் இரண்டு பேரும், காலை 9 மணி தாண்டித்தான் நடக்கத் தொடங்கினோம், நுவரெலியாவில் ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு வந்த பலன். 12 மணிக்கு முகில் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "இவ்வளவு தூரம் வந்திட்டம், இன்னும் கொஞ்சம்தானே மச்சான், போய்ப் பாப்பம்" என்றான் அவன். நானும் தலையாட்டினேன். இன்னும் அரை மணி நேரம் போனபிறகுதான் நாங்கள் நடப்பது பாதையே இல்லை, மரைகள் போய்வந்த தடம் என்று விளங்கியது. திரும்பிப் பாதையைப் பிடிக்க நாற்பது நிமிடம் எடுத்தது. அந்த நாற்பது நிமிடத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அந்த நடையில் படித்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன், அதில் முதலாவது: திரும்பும் நேரத்தைக் கொழும்பிலேயே முடிவுசெய்துவிட்டுப் போங்கள். எங்களுடையது காலை 11.30. அந்த நேரத்தில் உச்சி கண்ணுக்கு முன்னால் நின்றாலும் திரும்புவது என்று எல்லோரும் முதலே ஒத்துக்கொள்ளவேண்டும், ஏனென்றால் மலையில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் "இன்னும் கொஞ்சம்தானே" தான் ஒவ்வொரு தடவையும் வெல்லும்.

எப்போது போவது

ஜனவரி முதல் மார்ச் வரை. மே தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று, அதோடு மழை, செப்டம்பர் வரை ஓயாது, ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை அடுத்த மழை. ஏப்ரலில் வானிலை பரவாயில்லை, ஆனால் நுவரெலியாவில் வசந்தகாலச் சீசன், அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை எகிறியிருக்கும். போயா வரும் நீண்ட வார இறுதிகளைத் தவிர்த்துவிடுங்கள், வாயிலில் வாகன வரிசையில் நின்றே காலை போய்விடும்.

காலைதான் முழு ஆட்டமும். சூரியன் ஏறத் தெற்குப் பக்கப் பள்ளத்தாக்குகள் சூடாகி, அங்கிருக்கும் ஈரக்காற்று மேலெழும்பி, சமவெளியின் விளிம்பில் குளிர்ந்து முகிலாகிறது. நல்ல மாதத்திலும் 10 மணிக்குப் பிறகு இது நடக்கும். ஆகவே ஆறரை, ஏழுக்கு நடக்கத் தொடங்காவிட்டால் அன்றைக்கு உலக முடிவுச் சுற்றுப்பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கொழும்பிலேயே தொடங்கவேண்டியது

ஒரு ஆறு வாரம் வேண்டும். காலிமுகத்திடலில் மாலை நடை போனால் மூச்சுக்கு நல்லது, ஆனால் நிலம் தட்டை, மலைக்கு அது போதாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்கு மாடிப்படி இருக்கிறதே, லிஃப்டை விட்டுவிடுங்கள். நாங்கள் 8 மாடியை வாரம் மூன்று நாள், முதலில் இரண்டு தடவை, கடைசி வாரங்களில் ஆறேழு தடவை ஏறி இறங்கினோம், முதுகில் இரண்டு தண்ணீர்ப் போத்தல் வைத்த பையோடு. இறங்குவதை லேசாக நினைக்காதீர்கள். முழங்கால் பிடிப்பது ஏறும்போதல்ல, மத்தியானத்துக்குப் பிறகு களைத்துப்போய் இறங்கும்போதுதான். புதுச் சப்பாத்து வாங்கினால் இந்தப் படிகளிலேயே போட்டு இளக்கிவிடுங்கள்.

இதுவரை மலையே ஏறாதவர்கள் முதலில் தொட்டுபொல கந்தவை ஏறிப்பாருங்கள். அதுவும் ஹோர்ட்டன் சமவெளிக்குள்தான் இருக்கிறது, 2,357 மீட்டர், நாட்டின் மூன்றாவது உயரம். பட்டிப்பொல வாயிலால் உள்ளே போகும் வீதியோரத்திலேயே பாதை தொடங்கும், ஏறக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். இராவணனின் விமானம் வந்திறங்கிய துறை என்று ஊர்க்கதை சொல்லும் மலை அது. அங்கே உங்கள் மூச்சும் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துவிடும், அதை வைத்து அடுத்த பயணத்தில் கிரிகல்பொத்தவை யோசிக்கலாம்.

நான்கு பேருக்குக் குறையாமல் போங்கள். ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் பக்கத்தில் இருக்க, இரண்டு பேர் சேர்ந்து உதவிக்குப் போகலாம். தனியாகப் போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன், எவ்வளவு அனுபவம் இருந்தாலும்.

பைக்குள் என்ன

ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 6.5 பாகை வெப்பம் குறையும், ஆகவே கொழும்பை விட அங்கே 13, 14 பாகை குளிர். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி படிந்திருக்கும். ஆனால் நடக்கத் தொடங்கி அரை மணி நேரத்தில் வேர்க்கும், அதனால் ஒரே தடித்த ஜக்கெட்டை விட, உள்ளே மெல்லிய டீ சேர்ட், அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் காற்றும் மழையும் புகாத ஒன்று என்று கழற்றிக் கழற்றி வைக்கக்கூடியதாகப் போடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கல்லாகக் கனக்கும், அன்றைக்குக் காயாது. குடையும் உதவாது, மூங்கிலுக்குள் அதை விரிக்கவே முடியாது, காற்றில் மடங்கிவிடும். புறக்கோட்டையில் நல்ல ரெயின்கோட் கிடைக்கிறது, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் தைத்ததை வாங்காமல் கொஞ்சம் கனமானதாகப் பாருங்கள், மெல்லியது முதல் மூங்கில் புதரிலேயே கிழியும்.

சப்பாத்து மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாத விஷயம். அடி ஆழமாக வெட்டப்பட்டு, கணுக்காலைப் பிடிக்கிற மாதிரி இருக்கவேண்டும். விலை கூடினதாக இருக்கவேண்டும் என்றில்லை. செருப்போடு போனவர்களை நான் அங்கே பார்த்திருக்கிறேன், சேற்றுக்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது சோடி காலுறையைப் பையில் வையுங்கள், உச்சியில் மாற்றினால் திரும்பும் 7 கிலோமீட்டரும் வேறு நடையாக இருக்கும்.

ஆளுக்கு இரண்டரை லீட்டர் தண்ணீர். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சத்து) இரண்டு பக்கெட், பிளாஸ்டர், சித்தாலேப தைலம், டோர்ச், விசில், தொப்பி, சன் கிரீம் (குளிராக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், அந்த உயரத்தில் வெயில் தெரியாமலே தோலைச் சுடும்). தொலைபேசியில் இணையம் இல்லாமல் வேலைசெய்யும் வரைபடத்தில் பாதையை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பவர் பேங்கும் வேண்டும், குளிரில் பற்றரி வேகமாக இறங்கும்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுபோக முடியாது. ஃபார் இன்னில் பையைத் திறந்து பார்த்து லஞ்ச் ஷீட், பிஸ்கட் உறை எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் லேபலைக்கூட உரித்துவிடுவார்கள். சிலருக்கு இது எரிச்சல், வரிசையில் நின்று முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் உப்பும் எண்ணெயும் ஒட்டின பொலித்தீனை மரை அப்படியே விழுங்கிவிடும், வயிற்றில் அது கரையாது. ஆகவே வீட்டிலேயே எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவுக்கோ வாழையிலைக்கோ மாற்றிவிடுங்கள். ரொட்டியும் கட்டச்சம்பலும் எங்களுக்குச் சரியாக வந்தது, நசுங்காது, கெடாது, கையால் பிய்த்து நின்றபடியே சாப்பிடலாம். சோறு வேண்டாம், சாப்பிட்ட பிறகு கால் எழும்பாது. எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், கஜு இருந்தால் ஒவ்வொரு மணித்தியாலமும் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட்டுக்கொள்ளலாம்.

போய்ச் சேருவது

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குப் போகும் ரயிலில் நானுஓயா, பட்டிப்பொல, ஒஹிய என்று மூன்று நிலையங்கள் உங்களுக்கு உதவும். பட்டிப்பொல 1,891 மீட்டரில் இருக்கிறது, இலங்கை ரயில் பாதையின் மிக உயரமான நிலையம். முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே முடிந்துவிடும், அதனால் திகதி முடிவானதும் முதல் அலுவல் அதுதான். மழைக்காலத்தில் மண்சரிவால் இந்தப் பாதை பல நாட்கள் மூடப்பட்டிருக்கிறது, புறப்படும் வாரத்தில் ரயில் ஓடுகிறதா என்று நிலையத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். பஸ் என்றால் புறக்கோட்டையில் ஏறி, அவிசாவளை, கித்துல்கல, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா. ஆறு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவில் கொழும்பில் வாகனம் பிடித்து, விடிய வாயிலில் இறங்கி, நடந்துவிட்டு அன்றிரவே திரும்பும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. உலக முடிவுக்கு அது சரி. இந்த மலைக்கு வேண்டாம். தூக்கமில்லாத காலோடு வேர்களுக்கு மேல் 14 கிலோமீட்டர் நடப்பதும் ஆபத்து, அதே களைப்போடு சாரதி கினிகத்தேனை வளைவுகளில் இறங்குவது அதைவிட ஆபத்து. முதல் நாள் பின்னேரமே போய் நுவரெலியாவிலோ பட்டிப்பொலவிலோ ஒஹியவிலோ தங்குங்கள். நுவரெலியாவிலிருந்து வாயிலுக்கு 30 கிலோமீட்டரளவு, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம், அதனால் நாலரைக்கு வாகனம் வாசலில் நிற்கவேண்டும். பட்டிப்பொலவில் தங்கினால் அரை மணி நேரம் கூடத் தூங்கலாம். முதல் நாள் மாலையே சாரதியுடன் நேரத்தையும் காசையும் கதைத்து முடித்துவிடுங்கள். நானுஓயாப் பக்கம் வாகனம் ஓட்டுகிற தம்பிமார் பலர் தோட்டப் பகுதித் தமிழர்கள், மலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். நாங்கள் ஏறிவரும் இந்த ரயில் பாதையும் சுற்றியுள்ள தேயிலையும் அவர்களுடைய பாட்டன் பூட்டன் கையால் வந்தவை.

முதல் நாள் இரவு வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கையையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். நுவரெலியா மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருந்தால், அவ்வளவுதான், மலை அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும்.

வாயிலில்

காலை 6 மணிக்குத் திறப்பார்கள். தேசிய அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும், உள்ளூர்க் கட்டணத்துக்கும் வெளிநாட்டவர் கட்டணத்துக்கும் பெரிய வித்தியாசம். உள்ளே வாகனத்தை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், விடியற்காலையில் மரைகள் வீதியில் நிற்கும். ஃபார் இன் வாகனத் தரிப்பிடத்தில் அவை பயமில்லாமல் பக்கத்தில் வரும், பாணை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். எத்தனை பேர் தடுத்தாலும் யாராவது ஒருவர் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார், பார்க்கக் கோபமாக வருகிறது.

ஃபார் இன் அலுவலகத்தில் போய் கிரிகல்பொத்தவுக்குப் போகிறோம் என்று சொல்லுங்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். பாதை அன்றைக்குத் திறந்திருக்கிறதா, வழிகாட்டி ஒருவர் கூட வரவேண்டுமா என்பதெல்லாம் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள உத்தியோகத்தர்களின் முடிவு. வழிகாட்டி கிடைத்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். வேண்டாம் என்று சொன்னால் வாதாடாமல் உலக முடிவுக்குப் போய்விடுங்கள். அப்புறம், கழிவறை இதுதான் கடைசி.

நடை

முதல் பகுதி திறந்த புல்வெளி. தலை நிமிர்ந்து நடக்கலாம், காலையில் புல் நுனியெல்லாம் நீர் முத்து, நனைந்து போகும். குடை விரித்த மாதிரித் தலை தட்டையாக நிற்பவை கீன மரங்கள். செக்கச்சிவந்த பூவோடு நிற்பவை ரொடொடென்ரன், இமயமலையில் பூக்கிற மரத்தின் இலங்கைக் கிளையினம். பள்ளமான இடங்களில் சதுப்பு இருக்கும், பச்சைப் பசேலென்று மெத்தை மாதிரித் தெரிகிற இடத்தில் கால் வைக்காதீர்கள், முழங்கால் வரை போகும். கோலால் குத்திப் பார்த்து நடவுங்கள்.

நடுப்பகுதிதான் கடினம். காட்டுக்குள் போவதும் புல்வெளிக்கு வருவதுமாக மாறி மாறி வரும். காட்டுக்குள் மரங்கள் குட்டை, கிளையெல்லாம் பாசி, வேர்கள் நிலத்துக்கு மேலே பின்னிக் கிடக்கும். வேரின் மேல் கால் வைக்காதீர்கள், ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும். வேருக்கும் வேருக்கும் நடுவில் வையுங்கள், மெதுவாகத்தான் போகமுடியும், பரவாயில்லை. மூங்கில் புதர் சில இடங்களில் தலைக்கு மேல் மூடிவிடும், முன்னால் போகிறவர் விலக்கிய கிளை பின்னால் வருபவரின் முகத்தில் அடிக்கும், அதனால் இரண்டு கை இடைவெளி விடுங்கள். ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடிய தூரத்தில்தான் இருக்கவேண்டும், மிக மெதுவாக நடப்பவரை முன்னுக்கு விட்டால் கூட்டம் பிரியாது.

வழி தவறுவது புல்வெளியில்தான், காட்டுக்குள் அல்ல. காட்டுக்குள் ஒரே ஒரு தடம், புல்வெளியில் மரைகளின் தடம் பத்து. காட்டிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் திரும்பி நின்று நீங்கள் வெளியே வந்த இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அந்த இடம் முற்றிலும் வேறு மாதிரி இருக்கும், முகிலுக்குள் இன்னும் மோசம். எங்களை இரண்டாவது பயணத்தில் காப்பாற்றியது அந்தப் படங்கள்தான்.

வழி தவறிவிட்டது என்று சந்தேகம் வந்தால் நில்லுங்கள். நிச்சயமாகப் பாதை என்று தெரிந்த கடைசி இடத்துக்கு எல்லோரும் சேர்ந்தே திரும்பிப் போங்கள். விசிலை மும்மூன்று தடவை ஊதுங்கள். ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்ற நம்பிக்கை இங்கே கொல்லும், ஏனென்றால் சமவெளியின் தெற்கு விளிம்பு செங்குத்தாக விழுகிறது, உலக முடிவில் அது 870 மீட்டருக்கு மேல். தெற்கே போகிற ஓடை உங்களை அந்த விளிம்புக்குத்தான் கூட்டிப்போகும். சிக்னல் விட்டுவிட்டுத்தான் இருக்கும், கிடைக்கிற இடத்தில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கமும் பொலிஸ் இலக்கமான 119ம் நினைவில் இருக்கட்டும்.

கடைசிப் பகுதி பாறையும் ஏற்றமும். கையையும் பாவிக்கவேண்டி வரும், கோலை அப்போது பையில் செருகிவிடுங்கள். இங்கே மணியைப் பாருங்கள்.

உச்சி ஒரு பாறைத் திட்டுத்தான், கோயிலோ கோபுரமோ ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை 10.20க்கு நாங்கள் அங்கே நின்றோம், மேற்கே சிவனொளிபாத மலை முக்கோணமாக, கீழே முழுக்க வெள்ளை முகில். மச்சான் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டான். ஈரப்பாறையின் விளிம்புக்குப் படம் எடுக்கப் போகாதீர்கள், காலுறையை மாற்றுங்கள், ரொட்டியைச் சாப்பிடுங்கள், இருபது முப்பது நிமிடத்தில் எழும்புங்கள்.

ஓடைகளில் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் மிச்சச் சாப்பாட்டைக் கொட்டுவதும் வேண்டாம். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர் கொடுக்கிற மேட்டுநிலம் இது. கொழும்புக் குழாய்நீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனியிலிருந்து எடுக்கப்படுவது, வீட்டில் தேத்தண்ணிக்குக் கொதிக்கவைக்கிற தண்ணீருக்கும் இந்தப் புல்வெளிப் பனிக்கும் தொடர்பு இருக்கிறது என்று எனக்கு அங்கே போன பிறகுதான் உறைத்தது.

ஃபார் இன்னுக்கு வந்ததும் அலுவலகத்தில் போய் திரும்பிவிட்டோம் என்று கட்டாயம் சொல்லுங்கள், சொல்லாமல் வாகனத்தில் ஏறிவிட்டால் இருட்டும்போது அவர்கள் உங்களைத் தேடத் தொடங்குவார்கள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழுவி, உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து, பால்கனியில் நிழலில் வையுங்கள். கொழும்பு ஈரப்பதத்தில் காய மூன்று நாள் எடுக்கும், தாளை நாளுக்கு ஒரு தடவை மாற்றவேண்டும்.